துண்டுச் சீட்டிலிருந்து வாக்குச் சீட்டு வரை

நீலகிரி மாவட்டம், பந்தலூர்ப் பக்கம். தேயிலைத் தோட்டத்து லைன் வீடு ஒன்றில் ஒரு பாட்டி பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். மூடியைச் சுற்றிலும் துரு. உள்ளே பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் மடித்த துணி. துணியைப் பிரித்தால் பழைய பாஸ்போர்ட், மடிப்பில் கிழிந்துபோன குடும்ப அட்டை, இறந்துபோன கணவரின் போட்டோ.

"மண்ணு சரிஞ்சப்ப சட்டிபானையெல்லாம் போயிருச்சு தம்பி. நான் இந்த டின்னத்தான் தூக்கிக்கிட்டு ஓடுனேன்" என்றார். பிறகு பாஸ்போர்ட்டின் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "இங்க பாரு, ரெண்டு வயசு கூட்டிப் போட்டுட்டாங்க. எழுதுன ஆளு யாரோ. எங்களுக்குப் படிக்கத் தெரியுமா, என்ன எழுதுறாங்கன்னு பாக்க? இந்த வயசுக் கணக்குலயே வேலயவிட்டு நிப்பாட்டிட்டாங்க. ரெண்டு வருஷச் சம்பளம் போச்சு."

யாரோ ஒருவர் அவசரத்தில் பேனாவை ஓட்டியதில் ஒரு பெண்ணின் இரண்டாண்டுக் கூலி போனது. அன்றைக்குப் பக்கத்தில் விவரம் தெரிந்த ஓர் ஆள் நின்றிருந்தால், எழுதியதைப் படித்துப் பார்த்து "ஐயா, வயது தப்பாக இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சிறுபான்மையினர் உரிமை, குடிமைச் சமூக அமைப்புகள் என்று பெரிய வார்த்தைகளில் நாம் பேசுவதையெல்லாம் நான் இப்போது இந்த டின்னை வைத்துத்தான் யோசிக்கிறேன். அப்படிப் பக்கத்தில் வந்து நிற்கும் ஆள் யார்? அவர் வந்தால் என்ன ஆகிறது, வராமல் போனால் என்ன ஆகிறது? இதற்குப் பதில் தேட, இந்தப் பாட்டியின் சமூகமான இலங்கை மலையகத் தமிழர்களின் கதையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

கழுத்தில் தகரம், கையில் துண்டு

அவர்கள் வரலாற்றைக் காகிதங்களின் வரலாறாகவே சொல்லிவிடலாம். 1820களில் இலங்கை மலைநாட்டின் காப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆள் கட்டத் தொடங்கினார்கள். மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். பசியிலும் காலராவிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. காப்பிச் செடி நோய் கண்டு அழிந்த பிறகு தேயிலை வந்தது. ஆட்களின் தேவை இன்னும் பெருகியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கெட் என்ற ஏற்பாடு வந்தது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் குத்திய தகட்டைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். கடலைக் கடக்கும் முன் அவர்களைத் தங்கவைத்து நோய் நொடி பார்ப்பதற்கு ராமேஸ்வரத்துக்கு இந்தப் பக்கம், மண்டபத்தில் ஒரு பெரிய முகாம் இருந்தது. அந்த முகாம் இந்தக் கதையில் இன்னொரு முறையும் வரும்.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, ஆள் கட்டி மேய்க்கும் கங்காணியிடம் கடன். அந்தக் கடனை எழுதிய சீட்டுக்குப் பெயர் 'துண்டு'. தோட்டத் துரை கையெழுத்திட்ட அந்தத் துண்டு இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. புதிய தோட்டம் பழைய கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் ஆளோடு ஒட்டிக்கொண்டே போகும். 1921இல்தான் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள். தமிழ்ச் சொல்லான துண்டு, வெள்ளைக்காரர்களின் அறிக்கைகளில் அப்படியே 'துண்டு முறை' என்று பதிவாகியிருக்கிறது. தன்னைக் கட்டிப்போட்ட காகிதத்துக்குத் தன் மொழியிலிருந்தே பேர் கொடுத்த சமூகம் இது.

காகிதத்தால் கட்டிப்போட்டது முதல் நூற்றாண்டு. காகிதம் இல்லை என்று சொல்லி வெளியே தள்ளியது அடுத்த கட்டம்.

இலங்கை விடுதலை பெற்றது 1948 பிப்ரவரியில். அதே ஆண்டிலேயே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தகப்பனும் அங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும் என்றது சட்டம். லயம் எனப்படும் லைன் வீட்டு அறையில் மருத்துவச்சி கையில் பிறந்தவர்களுக்கும், தலைப்பிரசவத்துக்குத் தாய் ஊருக்குப் போனபோது அங்கே பிறந்தவர்களுக்கும் அந்தச் சான்று எங்கிருந்து வரும்? சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றிருந்தது. மக்கள் கவிஞராக அறியப்பட்ட சி.வி. வேலுப்பிள்ளையும் அந்த எழுவரில் ஒருவர். 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட, அடுத்த தேர்தலில் அந்த மக்களுக்கு வாக்கே இல்லை.

அதே 1949இல் விண்ணப்பம் போட்டுக் குடியுரிமை பெற ஒரு சட்டம் வந்தது. குடும்பஸ்தர் என்றால் 7 ஆண்டு, தனி ஆள் என்றால் 10 ஆண்டு, இடைவிடாமல் இலங்கையில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். சட்டம் அநீதியானது, அதனால் யாரும் விண்ணப்பிக்க வேண்டாம் என்று காங்கிரஸ் முதலில் சொன்னது. காலக்கெடு நெருங்கியபோதுதான் மனம் மாறியது. கொள்கையளவில் அந்தப் புறக்கணிப்பில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத லட்சக்கணக்கானவர்களுக்குப் படிவம் நிரப்பித் தர வேண்டிய மாதங்கள் வீணாயின. சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. 1960களின் தொடக்கம் வரை குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

பிறகு 1964 அக்டோபர் 30. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம் என்று கையெழுத்தானது. பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தை ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்தார்கள். இந்தக் கணக்கில் வரும் ஒருவரைக் கூடக் கூப்பிட்டு உன் விருப்பம் என்ன என்று கேட்கவில்லை. பந்தலூர்ப் பாட்டி அந்த 5,25,000த்தில் ஒருவர். "எங்க வீட்டுல நாலு பேரு இங்க வந்தோம். அக்கா குடும்பம் அங்கயே நின்னுருச்சு. அக்காவ அப்பறம் நான் பாக்கவே இல்ல."

கூட நின்றவர்கள்

இந்த மக்களுக்காக முதலில் நின்றது தொழிற்சங்கம். கோ. நடேசய்யரும் மீனாட்சி அம்மாளும் 1930களிலேயே தோட்டத்துக்குள் புகுந்து வேலை செய்தார்கள். ஆனால் சங்கத்துக்குக் கூலியும் சந்தாவும் தேர்தலும் உண்டு. சங்கம் கை வைக்க முடியாத, அல்லது கை வைக்காத வேலைகள் மீந்து நின்றன. அங்கேதான் வேறு சிலர் வந்தார்கள்.

கண்டியில் 1972இல் 'சத்யோதய' என்ற அமைப்பைத் தொடங்கியவர் பால் கஸ்பர்ஸ் என்ற இயேசு சபைத் துறவி. அவர் தமிழர் அல்லர். சிங்களவரும் தமிழரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் இடமாக அதை அவர் நடத்தினார். தோட்டத்து லயங்களைப் போலவே, தோட்டத்தைச் சுற்றியிருந்த ஏழைச் சிங்களக் கிராமங்களும் அவர் கவனத்தில் இருந்தன. தோட்டம் போட நிலத்தை இழந்த கிராமத்தானும், அந்தத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் தொழிலாளியும் ஒருவரையொருவர் எதிரியாக நினைக்கவைக்கப்பட்டவர்கள் என்பது அவர் கண்ட உண்மை. சிறுபான்மையினரின் உரிமையைச் சிறுபான்மையினர் மட்டும் பேசினால் அது வெறும் முறையீடாகிவிடுகிறது. பக்கத்து ஊர்ப் பெரும்பான்மைக்காரன் ஒருவனும் சேர்ந்து பேசும்போது ஆட்சியாளருக்குத் தட்டிக் கழிப்பது கடினமாகிறது. இதை அவர் புரிந்து வைத்திருந்தார்.

வடக்கில் 'காந்தியம்'. கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் மருத்துவர் ராஜசுந்தரமும் நடத்திய அமைப்பு. 1977 ஆகஸ்ட் கலவரத்தில் அடித்து விரட்டப்பட்ட மலையகக் குடும்பங்கள் வவுனியாப் பக்கம் வந்து ஒதுங்கியபோது, அவர்களுக்கு நிலம் காட்டிக் குடியமர்த்தி, விதை கொடுத்து, குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தியது காந்தியம். அதற்கு விலை இருந்தது. 1983 ஏப்ரலில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இருவரும் கைதானார்கள். அதே ஆண்டு ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறைக்குள் நடந்த படுகொலையில் ராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் உயிர் தப்பினார். ஏழைக்குக் குடிசை போட்டுக் கொடுத்த மருத்துவரைச் சிறையில் அடித்துக் கொன்ற நாள் அது. குடிமைச் சமூகப் பணி என்பதை ஏதோ கருத்தரங்கும் தேநீரும் என்று நினைப்பவர்கள் ராஜசுந்தரத்தின் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்து நாளில் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம்

1984இல் தலைமன்னார் - ராமேஸ்வரம் கப்பல் நின்றது. இந்தியாவுக்கு என்று ஒதுக்கப்பட்டுப் பாஸ்போர்ட்டும் வாங்கிவிட்டவர்களில் பல்லாயிரம் பேர் போக முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். கையில் இந்தியப் பாஸ்போர்ட், கால் இலங்கை மண்ணில், வாக்கு எங்கும் இல்லை. 1986இலும் 1988இலும் சட்டங்கள் வந்து பலருக்குக் குடியுரிமை கொடுத்தன. ஆனாலும் கொடுத்ததை நிரூபிக்கக் காகிதம் இல்லாமல் அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்கள் ஏராளம்.

2003 அக்டோபரில் நாடாளுமன்றம் ஏகமனதாக 35ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினரும் அவர்கள் வழித்தோன்றல்களும் குடிமக்கள். நாடற்றவர்கள் என்று அப்போது மதிப்பிடப்பட்டவர்கள் சுமார் 3 லட்சம் பேர்.

சட்டம் அத்தோடு நின்றிருந்தால் இன்னுமொரு 1988 ஆகியிருக்கும். ஆகவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையமும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் பிற சங்கங்களும் அரசுத் துறைகளும் சேர்ந்து ஒரு காரியம் செய்தன. பயிற்சி கொடுத்த சுமார் 500 தொண்டர்களை வைத்து 50 நடமாடும் நிலையங்களைத் தோட்டப் பகுதிகளில் திறந்தார்கள். பத்திரிகையிலும் வானொலியிலும் செய்தி போனது. பத்து நாளில் 1,90,000 பேருக்கு மேல் குடியுரிமை பெற்றார்கள். 55 வருடம் நாடற்றிருந்த மக்கள் பத்து நாளில் குடிமக்கள் ஆன செய்தியை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

எப்படி முடிந்தது? சட்டம் எழுதப்பட்ட விதத்தில் பாதி விடை இருக்கிறது. 1948 சட்டம் தகப்பன் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டது. 1949 சட்டம் இடைவிடாத வாசத்துக்குச் சான்று கேட்டது. 2003 சட்டமோ சம்பந்தப்பட்டவரின் பிரகடனத்தை எடுத்துக்கொண்டது. எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவருக்குப் பொதுப் பிரகடனம். இந்தியப் பாஸ்போர்ட் வாங்கியவருக்குச் சிறப்புப் பிரகடனம். ஏழையைப் பார்த்து 'நிரூபி' என்று கேட்பதை விட்டுவிட்டு 'சொல்' என்று கேட்டது அரசு. சிறுபான்மை உரிமைக்காக உழைக்கிற எந்த அமைப்பும் அரசிடம் முதலில் வாதாட வேண்டியது இந்த இடத்தில்தான் என்று நான் நினைக்கிறேன். உரிமை உண்டா இல்லையா என்ற வாதம் முடிந்த பிறகும், அதை நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்ற வாதம் மிச்சமிருக்கும்.

மீதிப் பாதி விடை அந்த நடமாடும் நிலையங்களின் மேசைகளில் இருக்கிறது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து நிற்கும் ஒரு பெண்ணிடம் எந்தப் படிவத்தைக் கொடுப்பது? இரண்டில் தவறான படிவம் போனால் திரும்பி வரும். அவர் பெயர் தோட்டத்துச் சம்பளப் பேரேடான செக்ரோலில் ஒரு மாதிரி, பழைய பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, மகளின் பள்ளிப் பதிவில் இன்னொரு மாதிரி இருக்கும். தமிழ்ப் பெயரைச் சிங்களம் தெரிந்தவர் ஒருவரும் ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவரும் காதில் விழுந்தபடி எழுதியதன் விளைவு. லெட்சுமி எங்கோ லச்சிமி ஆகியிருப்பார். முத்தையா முத்தாய் ஆகியிருப்பார். கணவர் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருப்பார், மனைவி கொடுத்திருக்க மாட்டார். இதையெல்லாம் கேட்டு, பொறுமையாகப் பிரித்து, சரியான கட்டத்தில் சரியான எழுத்தைப் போட்டு, கைநாட்டு வாங்கி அனுப்ப வேண்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் நேரமும் கொழுந்து நிறுக்கும் நேரமும் தெரிந்தவர், அந்த மக்கள் பேசுகிற தமிழ் பேசுகிறவர், 'கள்ளத்தோணி' என்ற வசவு எவ்வளவு வலிக்கும் என்று அறிந்தவர் அந்த மேசையில் இருந்தால்தான் இந்த வேலை நடக்கும். ஐ.நா.விடம் பணமும் முறையும் இருந்தன. தோட்டம் தெரிந்த ஆட்கள் சங்கங்களிடம் இருந்தார்கள். ஒன்றில்லாமல் மற்றது அந்தப் பத்து நாளை நடத்தியிருக்காது.

இதில் அரசியலும் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. தொழிலாளர் காங்கிரஸ் அன்றைய ஆட்சியில் பங்காளி. தோட்டத்து வாக்குகள் எல்லாக் கட்சிக்கும் வேண்டியிருந்தன. கதவு திறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் திறந்த கதவு வழியாக 1,90,000 பேரைப் பத்து நாளில் உள்ளே அழைத்துப் போனது, படிவம் தெரிந்த 500 பேர். அரசியல் வாய்ப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வரும் நாளில் ஆயத்தமாக இருப்பதுதான் அமைப்புகளின் கையில் இருக்கிறது.

முகவரி இல்லாத குடிமக்கள்

குடியுரிமை கிடைத்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. லயத்து அறைக்கு முகவரி கிடையாது. தபால் தோட்டத்து அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து கைமாறி வந்து சேர்ந்தால் உண்டு. நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி கழிந்து வந்து வேலையை இழந்த இளைஞர்களின் கதை மலையகத்தில் எந்தத் தோட்டத்திலும் கேட்கக் கிடைக்கும். பிறப்புச் சான்று இல்லாததால் தேசிய அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாததால் வாக்குச் சாவடியில் தடுமாற்றம், வங்கியில் தடுமாற்றம், சேமலாப நிதி வாங்கப் போனால் தடுமாற்றம். கண்டியிலும் ஹட்டனிலும் இயங்கும் மனித உரிமை அமைப்புகள் ஆண்டுக் கணக்கில் செய்துவரும் வேலை இந்த அட்டைகளைப் பெற்றுத் தருவதுதான். செய்தித்தாளில் வராது, விருது கிடைக்காது. பிரதேசச் செயலக வாசலில் நாள் முழுக்க நிற்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் சட்டத்துக்குள்ளேயே ஒளிந்திருந்தது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி, பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புக்குள் பொதுப் பணத்தைத் தாராளமாகச் செலவழிக்க முடியாமல் இருந்தது. தோட்டம் தனியார் இடம் என்பது வாதம். பக்கத்துக் கிராமத்துக்குச் சாலை போடும் சபை, தனக்கு வாக்களித்த லயத்துக்குப் போட முடியவில்லை. வாக்கு இருந்தது, அந்த வாக்கால் தேர்ந்தெடுத்த சபையின் சேவை இல்லாமல் இருந்தது. இந்தப் பிரிவைக் கண்டெடுத்து, கூட்டம் போட்டு, உறுப்பினர்களுக்கு விளக்கி, திரும்பத் திரும்பப் பேசியதில் மலையகக் குடிமை அமைப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு பிரிவைப் படித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று இங்கேயும் சொல்லத் தோன்றுகிறது.

2023இல் இந்த மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து, பல அமைப்புகள் சேர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தன. ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை. முன்னோர் நடந்த அதே திசையில், இந்த முறை நீர்மோரும் நிழலும் கொடுக்க வழியெங்கும் ஆட்களோடு. சிங்களவர், முஸ்லிம்கள், வடகிழக்குத் தமிழர் கூட நடந்தார்கள். நிலம், வீடு, நியாயமான கூலி, தங்களைத் தனித் தேசிய அடையாளத்தோடு ஏற்றுக்கொள்வது எனக் கோரிக்கைகள் நீண்டன. தோட்டக்காட்டான் என்று ஏசப்பட்டவர்களின் பேரர்கள் 'மாண்புமிகு மலையக மக்கள்' என்று தங்களை எழுதிக்கொண்டு நடந்தார்கள்.

மண்டபம், மறுபடியும்

1977, 1983 கலவரங்களில் அடிபட்டு வன்னிக்கும் மன்னாருக்கும் போன மலையகக் குடும்பங்களில் பல, போர் அங்கேயும் துரத்த, படகேறித் தமிழகம் வந்தன. கரையில் இறங்கியதும் அவர்களைக் கொண்டுபோய் வைத்த இடங்களில் ஒன்று மண்டபம் முகாம். கொள்ளுப்பாட்டன் கப்பலேறுமுன் தங்கிய அதே மண்டபம். தமிழக முகாம்களில் இருந்த ஈழ அகதிகளில் சுமார் 28,000 பேர் இந்திய வம்சாவளி மலையகத் தமிழர் என்று சொல்லப்படுகிறது. தாத்தாவின் ஊர் புதுக்கோட்டையாகவோ திருச்சியாகவோ இருக்கும். பேரன் அதே மாவட்டத்து முகாமில் அயல்நாட்டவனாகப் பதிவாகியிருப்பான்.

இந்த முகாம்களில் வேலை செய்ய 1984இல் தொடங்கப்பட்டது ஓஃபர் எனப்படும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். நிறுவியவர் எஸ்.சி. சந்திரஹாசன். அவர் தந்தை எஸ்.ஜே.வி. செல்வநாயகம். 1948இல் மலையக மக்களின் குடியுரிமையைப் பறித்தபோது, இன்று அவர்களுக்கு நேர்வது நாளை நமக்கும் நேரும் என்று எச்சரித்து, அதையொட்டித் தன் கட்சித் தலைமையோடு முறித்துக்கொண்டு 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர். தந்தை நாடாளுமன்றத்தில் தடுக்க முடியாமல் போனதன் பின்விளைவை, மகனின் அமைப்பு முகாம் கூரைகளின் கீழ் ஒவ்வொரு குழந்தையாகச் சரிசெய்தது. ஓஃபர் செய்த பல வேலைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது பிறப்புப் பதிவு. முகாமில் பிறந்த குழந்தைக்கு இந்தியப் பிறப்புச் சான்று வாங்கி, பிறகு சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து, குடியுரிமைச் சான்றும் பெற்றுத் தர வேண்டும். முகாமில் வளர்ந்த அகதி இளைஞர்களே இந்த வேலையைப் படித்துக்கொண்டு செய்தார்கள். நாளைக்கு ஊர் திரும்பினால் இந்தக் குழந்தை நாடற்றதாகிவிடக் கூடாது என்ற ஒரே கவலை. 1948ஐப் பார்த்த சமூகத்துக்கு அந்தக் கவலை வருவது இயல்பு. 2003 சட்டமும் 2009இல் திருத்தப்பட்டு, இந்தியாவில் அகதிகளாக இருந்த மலையகத்தவரின் வாச இடைவெளியை மன்னித்தது.

அந்தப் பதிவுகள் இன்னொரு விதத்தில் பலன் கொடுத்தன. இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியர். அகதிகள் வரத் தொடங்கியது 1983 ஜூலைக்குப் பிறகு. ஆக, முகாமில் பிறந்தவர்களுக்குக் கிடைக்கும் சாளரம் நான்கே ஆண்டு. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு மறுக்கப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். மண்டபத்தில் பிறந்ததற்கான சான்று அவர் கையில் இருந்தது. 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் பாஸ்போர்ட் வழங்கச் சொன்னது. 2024 ஏப்ரல் 19 அன்று அவர் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார். முகாம் வாழ்வில் இருந்தபடி வாக்களித்த முதல் ஆள் என்று பத்திரிகைகள் எழுதின.

நான்கு ஆண்டுச் சாளரத்துக்கு வெளியே பிறந்தவர்கள்? அவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். 2019இல் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்திய வம்சாவளியினரான 65 பேரின் வழக்கில் அவர்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வழிகாட்டினார். அதே ஆண்டு வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. 2021இல் தமிழக அரசு முகாம்களின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றி, வீடுகளைக் கட்டித் தரத் தொடங்கியது. 2025இல் ஒன்றிய அரசு, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. தண்டனை இல்லை என்பது பெரிய ஆறுதல். குடிமகன் என்ற சொல் அதில் இல்லை.

அமைப்புகளை நான் கண்ணை மூடிக்கொண்டு புகழவில்லை. வெளிநாட்டு நிதியில் மூன்றாண்டுத் திட்டம் போட்டு, திட்டம் முடிந்ததும் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போனவர்களை மலையகமும் பார்த்திருக்கிறது, முகாம்களும் பார்த்திருக்கின்றன. போட்டோ எடுத்தவர்கள் அதை அனுப்பிவைக்கக் கூட இல்லை என்று பாட்டி சொன்னார். மக்களுக்காகப் பேசிப் பேசி, மக்களைப் பேசவிடாமல் செய்த தலைவர்களும் உண்டு. நிலைத்து நின்ற வேலையைப் பார்த்தால், அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்திருக்கிறது: அந்த மக்களிலிருந்தே ஒருவருக்குச் சட்டத்தையும் படிவத்தையும் கற்றுக் கொடுத்து, அவரை அங்கேயே விட்டுவிட்டு வந்த வேலை. ஓஃபரின் முகாம் இளைஞர்கள், 2003இன் தோட்டத்துத் தொண்டர்கள் எல்லாரும் அந்த வகை.

பாட்டி டின்னை மூடிக்கொண்டிருந்தபோது பக்கத்து லைன் அக்கா ஒருவர் ஒரு விண்ணப்பத்தோடு வந்தார். முதியோர் உதவித்தொகைக்கு. பாட்டியின் பேத்தி, கூடலூரில் கல்லூரி முடித்தவள், அடுப்பை அணைத்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள்.

"பொறந்த ஊரு சொல்லுங்கக்கா."

"பத்தனை. மேக்கணக்கு."

"அது எந்த டவுன் பக்கம்?"

"தலவாக்கலைக்கும் கொட்டகலைக்கும் நடுவுல."

கட்டம் சின்னது. பேத்தி எழுத்தைக் குறுக்கி எழுதினாள். 'இலங்கை' கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில் போனது. வயதைப் போடும் முன் ஆதார் அட்டையையும் பழைய பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஒப்பிட்டாள். எல்லாம் எழுதி முடித்ததும் காகிதத்தைக் கையில் எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாக வாசித்துக் காட்டினாள்.

"சரியா இருக்காக்கா?"

உள்ளேயிருந்து பாட்டி, "வயச இன்னொரு தடவ படி" என்றார்.